நாற்பதாயிரத்தில் நூறு

1945. பசிபிக் பெருங்கடலின் மரியானா தீவுகளிலிருந்து ஜப்பானை நோக்கிப் புறப்படும் பி-29 விமானத்துக்குப் போக ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர், திரும்பி வர இன்னொரு 2,400. கீழே முழுக்கக் கடல். வானம் மூடிவிட்டால் நட்சத்திரம் பார்த்து இடம் கணிக்க வழியில்லை. எரிபொருள் அளவோடுதான் இருக்கும். திரும்பும் வழியில் அந்தச் சிறு தீவைத் தவறவிட்டால் சுற்றிச் சுற்றித் தேட நேரம் கிடையாது. அப்படிப்பட்ட இரவுகளில் விமானத்தின் வழிகணிப்பாளர் ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, வெளிச்சம் புகாத மறைப்புக்குள் முகத்தைப் பதித்து, ஒரு பச்சைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கோடுகள். அவற்றின் மேல் புல் முளைத்ததுபோல் சிலிர்க்கும் இரைச்சல். புல்லுக்கு நடுவே குச்சி குச்சியாக நிமிர்ந்த சில முனைகள். சில இடப்பக்கமாக ஊர்ந்துபோகும். சில வலப்பக்கமாக ஓடும். இரண்டே இரண்டு மட்டும் ஆணி அடித்ததுபோல் அசையாமல் நிற்கும். அவருக்கு வேண்டியவை அந்த இரண்டும்தான்.

மற்றவையெல்லாம் ஏன் ஓடுகின்றன, அந்த இரண்டு மட்டும் ஏன் நிற்கின்றன என்ற கேள்விக்குள்தான் லோரான் என்ற வானொலி வழிகாட்டி முறையின் முழு அறிவும் இருக்கிறது. 'நெடுந்தொலைவு வழிகாட்டல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம்தான் லோரான்.

அடிப்படை எளிது. வானொலி அலை ஒரு மைக்ரோவினாடியில், அதாவது வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில், சுமார் 300 மீட்டர் செல்லும். ஒரு கடல் மைலைக் கடக்க 6.18 மைக்ரோவினாடி. கரையில் நூற்றுக்கணக்கான மைல் இடைவெளியில் இரண்டு நிலையங்கள் துடிப்புகளை அனுப்புகின்றன. கப்பலிலோ விமானத்திலோ இருப்பவர் ஒன்று வந்து எவ்வளவு நேரம் கழித்து மற்றது வந்தது என்று அளக்கிறார். அந்த நேர வித்தியாசம் மாறாமல் இருக்கும் இடங்களையெல்லாம் கடல் வரைபடத்தில் இணைத்தால் அதிபரவளைவு என்ற வளைகோடு கிடைக்கும். தாம் அந்தக் கோட்டின் மேல் எங்கோ இருப்பது அவருக்குத் தெரிந்துவிடும். வேறொரு இணை நிலையங்களிலிருந்து இன்னொரு கோடு எடுத்தால், இரண்டும் வெட்டும் புள்ளியே அவர் இருக்கும் இடம். தூரத்தை நேரடியாக அளக்கத் தேவையில்லை. நிலையத்தோடு பேசவும் வேண்டாம். போர்க்காலத்தில் இது பெரிய வசதி, ஏனென்றால் வாய் திறக்கும் விமானம் எதிரிக்குத் தன் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதை 1940-இல் அமெரிக்காவில் முன்மொழிந்தவர் ஆல்பிரட் லீ லூமிஸ். தொழிலால் வால் ஸ்ட்ரீட் நிதியாளர், உள்ளத்தால் இயற்பியலாளர். நியூயார்க் மாநிலத்தின் டக்சிடோ பார்க்கில் தம் சொந்தச் செலவில் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். அந்தக் கூடத்தின் ஒரு மூலையைச் சொல்லாமல் லோரானின் கதையைத் தொடங்க முடியாது. அன்றைய உலகின் மிகத் துல்லியமான ஊசல் கடிகாரங்களான ஷார்ட் கடிகாரங்கள் மூன்றை லூமிஸ் அங்கே நிறுவியிருந்தார். பெல் ஆய்வகத்தின் குவார்ட்ஸ் படிக அலையாக்கியிலிருந்து வினாடிக்கு 1,000 அதிர்வுகள் கொண்ட குறிப்பு தொலைபேசிக் கம்பி வழியே அந்தக் கூடத்துக்கு வந்தது. ஊசலும் படிகமும் எப்படி விலகுகின்றன என்று அவர் தொடர்ந்து பதிவு செய்தார். நிலவு வானில் நகரும்போது பூமியின் ஈர்ப்பில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தை ஊசல் உணர்கிறது, படிகம் உணர்வதில்லை என்பது அந்தப் பதிவுகளிலிருந்து தெரிந்தது. வித்தியாசம் வினாடியின் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதைக் கண்டு மகிழ்ந்த மனிதருக்கு, படிகம் ஒன்றை வைத்துக்கொண்டு மைக்ரோவினாடிகளில் கடலை அளக்கலாம் என்று தோன்றியது இயல்பே.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கதிர்வீச்சு ஆய்வகம் அந்த யோசனையை எடுத்துக்கொண்டது. முதலில் 30 மெகாஹெர்ட்ஸில் முயன்றார்கள். எட்டும் தூரம் போதவில்லை. பின்னர் 2 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கினார்கள். அங்கே தரையலை பகலில் கடல் மேல் சுமார் 700 கடல் மைல் வரை போகிறது. இரவில் வளிமண்டலத்தின் மேலே உள்ள அயனி அடுக்கில் பட்டுத் திரும்பும் வானலை அதைப்போல் இரு மடங்கு தூரம் எட்டுகிறது. லாங் ஐலண்டின் மாண்டாக் முனையிலும் டெலவேரின் ஃபென்விக் தீவிலும் முதல் இரு நிலையங்கள் எழுந்தன. 1942 ஜூனில் கடற்படையின் வான்கப்பல் ஒன்றில் ரிசீவரை ஏற்றிச் சோதித்தார்கள். ஜாக் பியர்ஸ் என்ற இயற்பியலாளர் இந்த முறைக்குத் தூணாக நின்றார். லோரான் என்ற பெயரை வைத்தவர் கடலோரக் காவல்படையின் லாரன்ஸ் ஹார்டிங். போர் முடிவதற்குள் சுமார் 70 நிலையங்கள் எழுந்தன, 75,000 ரிசீவர்கள் உற்பத்தியாயின.

இத்தனை நிலையங்களுக்கும் இடம் எங்கே? இங்குதான் சிக்கல் தொடங்குகிறது.

லோரானுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைகள் நான்கே நான்கு: 1,950, 1,850, 1,900, 1,750 கிலோஹெர்ட்ஸ். ஒரு துடிப்பு சுமார் 50 மைக்ரோவினாடி நீளம். அதாவது காற்றில் பறக்கும்போது 15 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு அலைத்துண்டு. குறுகிய துடிப்பு அகலமான அலைவரிசையைத் தின்னும் என்பது வானொலியில் தப்ப முடியாத விதி. எனவே நிலையத்துக்கு ஓர் அலைவரிசை என்று தாராளமாகக் கொடுக்க வழியில்லை. ஒரே அலைவரிசையில் பல இணைகள் ஒரே நேரத்தில் துடிக்க வேண்டும். கேட்பவர் தமக்கு வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். எல்லாத் துடிப்பும் ஒரே முகம். தாங்கள் யார் என்று சொல்லும் குறியீடு எதையும் அவை சுமந்து வருவதில்லை.

விடை, ஒவ்வொரு இணைக்கும் ஒரு தாளத்தைக் கொடுப்பது. எத்தனை நேரத்துக்கு ஒருமுறை துடிக்கிறது என்பதே அதன் பெயர்.

இரண்டு அடிப்படை வீதங்கள் வகுத்தார்கள். 'எல்' என்பது தாழ்ந்த வீதம், வினாடிக்கு 25 துடிப்பு, அதாவது 40,000 மைக்ரோவினாடிக்கு ஒன்று. 'எச்' என்பது உயர்ந்த வீதம், வினாடிக்கு முப்பத்து மூன்றே மூன்றில் ஒன்று, 30,000 மைக்ரோவினாடிக்கு ஒன்று. பின்னாளில் வினாடிக்கு 20 என்ற 'எஸ்' வீதமும் சேர்ந்தது. ஒவ்வொரு அடிப்படை வீதத்துக்குள்ளும் 0 முதல் 7 வரை எட்டுத் தனி வீதங்கள். எண் ஒன்று கூடினால் இடைவெளி 100 மைக்ரோவினாடி குறையும். எல்-0 என்றால் 40,000. எல்-1 என்றால் 39,900. எல்-7 என்றால் 39,300. வரைபடத்தில் ஒரு கோட்டின் அருகே '1-எச்-4' என்று அச்சிட்டிருந்தால் முதல் அலைவரிசை, உயர்ந்த வீதம், நான்காம் எண் என்று பொருள். ரிசீவரில் இந்த மூன்றுக்கும் உரிய குமிழ்களை அப்படியே வைத்தால் வேண்டிய இணை திரையில் வந்து நிற்கும்.

நாற்பதாயிரத்தில் நூறு என்பது 400-இல் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய வித்தியாசம் இரண்டு நிலையங்களை எப்படிப் பிரிக்கும்? கச்சேரியில் இருவர் ஒரே காலப்பிரமாணத்தில் தாளம் போட்டால் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஒருவர் இம்மியளவு விரைந்தால் முதல் ஆவர்த்தனத்தில் அது காதுக்குப் படாது. பத்தாவது ஆவர்த்தனத்தில் சமம் எங்கோ போயிருக்கும். ரிசீவரின் திரையும் அப்படித்தான். எல்-0-வில் வைத்த ரிசீவர் ஒவ்வொரு 40,000 மைக்ரோவினாடிக்கும் ஒருமுறை தன் ஒளிப்புள்ளியை இரு கோடுகளிலும் ஓட்டி முடித்து மறுபடி தொடங்குகிறது. எல்-0 நிலையத்தின் துடிப்பு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுகிறது, அதனால் நிற்கிறது. எல்-1 நிலையத்தின் துடிப்போ ஒவ்வொரு முறையும் 100 மைக்ரோவினாடி முன்னதாக வந்துவிடுகிறது. வினாடிக்கு 25 முறை. ஆக ஒரு வினாடியில் 2,500 மைக்ரோவினாடி அளவு இடப்பக்கம் நகர்கிறது. 20,000 மைக்ரோவினாடி நீளமுள்ள ஒரு கோட்டைக் கடக்க 8 வினாடி, இரண்டு கோடுகளையும் சுற்றிவர 16 வினாடி. எல்-2 நிலையம் அதன் இரு மடங்கு வேகத்தில் ஓடும். நிற்பது எது, ஓடுவது எது என்று கண் ஒரு நொடியில் சொல்லிவிடும்.

எல் வீதத்தில் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே வினாடிக்கு ஏறக்குறைய பதினாறில் ஒரு துடிப்புதான் வித்தியாசம். எச் வீதத்தில் ஒன்பதில் ஒன்று. அதனால்தான் அங்கே பக்கத்து நிலையம் 9 வினாடியில் சுற்றி வந்துவிடுகிறது. கணக்கும் கண்ணும் இவ்வளவு அழகாகப் பொருந்திய கருவிகள் குறைவு.

ஒரு வேடிக்கையும் உண்டு. ரிசீவரை எல்-0-வில் வைத்திருக்கும்போது அதே அலைவரிசையில் எச்-0 நிலையம் ஒன்று துடித்தால் என்ன ஆகும்? 40,000-மும் 30,000-மும் 120,000-இல் சந்திக்கின்றன. எனவே அந்த நிலையம் ஓடாது. நான்கு இடங்களில் நிற்கும், மேல் கோட்டில் இரண்டு, கீழ்க் கோட்டில் இரண்டு. மூன்று சுற்றுக்கு ஒருமுறைதான் ஒவ்வொன்றும் மின்னுவதால் மங்கலாக நடுங்கும். ஆவிபோல் நிற்கும் அந்த நால்வரை உண்மையான துடிப்போடு குழப்பிக்கொள்ளாமலிருக்க, பழகிய கண் அந்த மங்கலையும் நடுக்கத்தையும் அடையாளமாக வைத்துக்கொள்ளும்.

இனி பெட்டிக்குள் போகலாம். போர்க்கால விமானங்களில் பரவலாக இருந்தது ஏபிஎன்-4 என்ற கருவி. திரையும் நேர அளவுச் சுற்றுகளும் ஒரு பெட்டியில், ரிசீவர் இன்னொரு பெட்டியில். அதற்குப் பின் வந்த ஏபிஎன்-9 இரண்டையும் ஒரே பெட்டிக்குள் சுருக்கியது. ஏபிஎன்-4-இன் திரைப் பெட்டியில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட வால்வுகள். டிரான்சிஸ்டர் பிறக்காத காலம் அது. அந்த வால்வுக் காட்டின் நடுவே வினாடிக்கு 100,000 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம். அதுதான் கடிகாரம். ஓர் அதிர்வுக்கு 10 மைக்ரோவினாடி. மற்ற வால்வுகளில் பெரும்பகுதிக்கு ஒரே வேலைதான்: எண்ணுவது.

முதல் எண்ணி ஐந்து அதிர்வுக்கு ஒருமுறை ஒரு துடிப்பைத் தரும்: 50 மைக்ரோவினாடி. அடுத்தது அதில் பத்தை எண்ணி ஒன்று தரும்: 500. அடுத்தது ஐந்து: 2,500. அதற்கடுத்தது, குமிழ் எல்-இல் இருந்தால் எட்டு, எச்-இல் இருந்தால் ஆறு: 20,000 அல்லது 15,000. கடைசியாக ஒரு இருநிலைச் சுற்று அதை இரண்டாக்கி மேல் கோடு, கீழ்க் கோடு என்று மாறி மாறித் தள்ளும். ஐந்து, பத்து, ஐந்து, எட்டு, இரண்டு ஆகியவற்றைப் பெருக்கினால் 4,000. லட்சத்தை நாலாயிரத்தால் வகுத்தால் வினாடிக்கு 25. எட்டுக்குப் பதில் ஆறு போட்டால் முப்பத்து மூன்றே மூன்றில் ஒன்று. எல்-க்கும் எச்-க்கும் இடையே இருந்த வித்தியாசம் இந்த ஒரு எண்ணி எட்டு வரை எண்ணுகிறதா ஆறோடு நிறுத்துகிறதா என்பதுதான்.

இன்றைய கணினிச் சில்லு எண்ணுவதுபோல் அந்த வால்வுகள் எண்ணவில்லை. அவை ஊற்றிப் பார்த்து எண்ணின. ஒரு சிறு கெபாசிட்டர் ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் உழக்கு மின்னூட்டத்தை மொண்டு ஒரு பெரிய கெபாசிட்டருக்குள் ஊற்றும். பெரியதில் மின்னழுத்தம் படிப்படியாக ஏறும். அலைக்காட்டியில் பார்த்தால் கோயில் குளத்துப் படிக்கட்டு போலவே தெரியும். பத்தாவது உழக்கில் அது ஒரு வரம்பைத் தொடும்போது பக்கத்து வால்வு சட்டென்று திறந்து மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொட்டிவிடும். அந்தக் கொட்டல்தான் அடுத்த எண்ணிக்கு ஒரு துடிப்பு. குடம் மறுபடி காலி. முதல் உழக்கு விழும்.

தனி வீதங்களை உண்டாக்கிய உத்தி இந்தக் குடத்தில்தான் ஒளிந்திருந்தது. நிலைய எண் 3 என்று குமிழைத் திருப்பினால், ஒவ்வொரு அரைச்சுற்றின் முடிவிலும் வரும் துடிப்பு திரும்பி வந்து, 500-ஐ எண்ணும் குடத்தில் முன்கூட்டியே மூன்று உழக்கு ஊற்றி வைக்கும். அடுத்த முறை அது பத்து அல்ல, ஏழு உழக்கிலேயே நிரம்பிவிடும். அரைச்சுற்றில் மூன்று ஐம்பதுகள், 150 மைக்ரோவினாடி மிச்சம். 20,000 என்பது 19,850 ஆகிறது, முழுச்சுற்று 39,700. அதுதான் எல்-3. எட்டு நிலையங்களுக்கு எட்டுப் படிகங்கள் வைக்காமல் ஒரே படிகத்தையும் ஒரே எண்ணித் தொடரையும் வைத்துக்கொண்டு, குடத்தில் எத்தனை உழக்கு முன்னால் ஊற்றுவது என்பதை மட்டும் மாற்றினார்கள். மின்னணுவியலின் ஆரம்ப நாட்களில் இதைவிடச் சிக்கனமான யோசனையைக் காண்பது கடினம்.

ஆனால் ஊற்றி எண்ணும் எண்ணிக்கு ஒரு பலவீனம் உண்டு. வால்வு வயதானாலோ, மின்னழுத்தம் இறங்கினாலோ, உழக்கின் அளவு சுருங்கும், அல்லது வரம்பு நகரும். பத்தில் கொட்ட வேண்டிய குடம் பதினொன்றில் கொட்டும். வெளியே எந்தப் புகையும் வராது. திரை ஒளிரும், கோடுகள் ஓடும். ஆனால் எந்த நிலையமும் நிற்காது. அதனால் ஒவ்வொரு எண்ணிக்கும் திருப்புளியால் திருகிச் சரிசெய்யும் அமைப்பு வைத்திருந்தார்கள். திரையிலேயே 10, 50, 500, 2,500 என்று அளவுக் குறிகள் விழும். பெரிய குறிகளுக்கு நடுவே சிறிய குறிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். 50-க்கும் அடுத்த 50-க்கும் இடையே ஐந்து பத்துகள் இருக்கின்றனவா? 500-க்குள் பத்து ஐம்பதுகளா? குறைந்தாலும் கூடினாலும் திருப்புளி.

இன்று பழைய கருவிகளைச் சேகரித்துப் பழுதுபார்க்கிறவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. நவீன அலைவெண் எண்ணி ஒன்றைத் திரையோட்டச் சுற்றில் மாட்டினால் போதும், நோய் எங்கே என்று எண்ணே சொல்லிவிடும். எல்-0-வில் 25-க்குப் பதில் 22.73 காட்டினால், பத்தை எண்ண வேண்டியது பதினொன்றை எண்ணுகிறது. 22.22 என்றால் எட்டு ஒன்பதாகிவிட்டது. 20.83 என்றால் ஐந்துகளில் ஒன்று ஆறாகியிருக்கிறது. இரண்டு ஐந்துகளில் எது என்பதைத் திரையில் குறிகளை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாறாக எண் கூடி 27.78 என்று நின்றால் பத்து ஒன்பதாகக் குறைந்திருக்கிறது. 31.25 என்றால் ஒரு ஐந்து நான்காகிவிட்டது. நாடி பிடித்து நோய் சொல்லும் வைத்தியம் இந்தப் பெட்டிக்கு அப்படியே பலிக்கிறது.

அளக்கும் முறையையும் ஒருமுறை அருகிலிருந்து பார்க்கலாம். நிலைய இணையில் ஒன்று தலைமை நிலையம், மற்றது அதைப் பின்பற்றும் துணை நிலையம். தலைமையின் துடிப்பு தன்னை வந்தடைந்ததும் துணை நிலையம் உடனே பதில் துடிக்காது. சரியாக அரைச்சுற்று நேரம் காத்திருக்கும். அதற்கு மேலும் வகுத்து வைத்த ஒரு சிறு தாமதத்தைச் சேர்த்துக்கொண்டு பிறகே துடிக்கும். இந்தப் பொறுமைக்குக் காரணம் உண்டு. கேட்பவர் எந்த இடத்திலிருந்தாலும் தலைமைத் துடிப்புக்குப் பின் துணைத் துடிப்பு வர அரைச்சுற்றுக்கு மேல் ஆகும் என்பது இதனால் உறுதியாகிறது. ஒரே முகம் கொண்ட இரண்டில் எது தலைமை, எது துணை என்ற ஐயம் எழாது. தலைமையை மேல் கோட்டில் வைத்தால் துணை கீழ்க் கோட்டில், மேலதற்கு வலப்பக்கமாகத்தான் நிற்கும். இடப்பக்கம் நின்றால் மாற்றி வைத்துவிட்டார் என்று பொருள். கீழ்க் கோடே அரைச்சுற்றுத் தாமதமாகத் தொடங்குவதால் அந்த அரைச்சுற்றைக் கழிக்கும் வேலையும் மிச்சம்.

வழிகணிப்பாளர் முதலில் ஒரு சுவிட்சை இட-வலமாக ஆட்டி, மேல் கோட்டின் இடது ஓரத்தில் சற்று உயர்ந்து தெரியும் மேடையின் மீது தலைமைத் துடிப்பை ஏற்றுவார். கீழே இருக்கும் இன்னொரு மேடையைக் குமிழால் நகர்த்தித் துணைத் துடிப்புக்கு அடியில் கொண்டுபோவார். பிறகு திரையின் ஓட்டத்தை விரைவாக்குவார். இப்போது மேடைகள் மட்டுமே திரை முழுக்க விரியும். குச்சிகளாகத் தெரிந்தவை குன்றுகளாகும். அருகிலுள்ள நிலையம் உயரமாக, தொலைவிலுள்ளது குட்டையாக இருக்கும். இரண்டையும் சம உயரத்துக்குக் கொண்டுவர ஒரு குமிழ். இன்னும் விரைவு கூட்டி, இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டு, இரு குன்றுகளின் இடப்பக்கச் சரிவும் ஒரே கோடாகும்வரை நுண்குமிழைத் திருப்ப வேண்டும். பொருந்தியதும் கையை எடுத்துவிடலாம். அதன் பின் துடிப்புகளை மறைத்து அளவுக் குறிகளை வரவழைத்து எண்ண வேண்டும். ஒரு 2,500. இரண்டு 500. நான்கு 50. நான்கு 10. மிச்சத்தைக் கண்ணளவில் ஆறு என்று எடுத்தால் 3,746 மைக்ரோவினாடி. வரைபடத்தில் 3,700-க்கும் 3,800-க்கும் நடுவே கோடு போடலாம்.

இரண்டு நிலையங்களுக்கு நடுவே நேர்க்கோட்டில் இருக்கும்போது ஒரு மைக்ரோவினாடி பிழை 150 மீட்டர் பிழை. பக்கவாட்டில் விலக விலக வளைகோடுகள் விரிந்துபோகும், பிழையும் விரியும்.

இந்த வேலை முழுவதிலும் விமானத்திலிருக்கும் படிகம் மிகச் சரியாக இருக்க வேண்டியதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. படிகம் லட்சத்தில் ஒரு பங்கு தவறாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அளக்கப்படும் நேரம் அதிகபட்சம் சில ஆயிரம் மைக்ரோவினாடிதான். அதில் லட்சத்தில் ஒரு பங்கு என்பது மைக்ரோவினாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதே தவறு திரையில் துடிப்பை வினாடிக்கு 10 மைக்ரோவினாடி வேகத்தில் நகர்த்தும். அந்த நகர்வைக் கண்ணால் பார்த்து, படிகத்தைச் சற்றே இழுத்துப் பிடிக்கும் குமிழைத் திருப்பி, துடிப்பை நிறுத்திவிடலாம். அதாவது துடிப்பை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் வழிகணிப்பாளர் தம் கடிகாரத்தைக் கரையிலிருக்கும் கடிகாரத்தோடு சரிசெய்துவிடுகிறார். துல்லியத்தின் சுமை முழுக்கக் கரை நிலையங்களின் மேல். அங்கே கடலோரக் காவல்படையினர் இரவும் பகலும் முறைவைத்து உட்கார்ந்து, தலைமைக்கும் துணைக்கும் இடையே நேரம் வழுவாமல் பார்த்துக்கொண்டார்கள். வழுவிவிட்டால் துடிப்பை வேண்டுமென்றே இடமும் வலமும் தாவவைப்பார்கள். திரையில் அது கண்சிமிட்டுவதுபோல் தெரியும். சிமிட்டும் நிலையத்தை நம்பக் கூடாது என்பது கடலில் எல்லோருக்கும் தெரியும்.

இரவு வந்தால் வேறொரு தொல்லை. தரையலையின் பின்னாலேயே அயனி அடுக்கில் பட்டு வந்த வானலைகள் வரிசையாக வந்து நிற்கும். ஒரு துடிப்பு மூன்று நான்கு குன்றுகளாகத் தெரியும். வானலை உருமாறும், நடுவே பிளக்கும், மங்கி மறைந்து மீண்டும் எழும். தரையலை நிலையாக நிற்கும், வரிசையில் எப்போதும் முதலில் வரும். தரையலை எட்டாத தூரத்தில் முதல் வானலையையே அளந்து, வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் திருத்தத்தைச் சேர்க்க வேண்டும். எந்தக் குன்று எது என்று அறிவது குமிழ் திருப்பும் திறமையால் வருவதல்ல, பல இரவுகள் பார்த்த கண்ணால் வருவது. அந்த வானலையை நம்பியே, தலைமையும் துணையும் ஆயிரம் கடல் மைலுக்கு மேல் பிரிந்து நின்று இயங்கும் முறை ஒன்றையும் 1944-இல் ஐரோப்பாவின் மேல் பறந்த பிரிட்டிஷ் விமானங்களுக்காக ஏற்படுத்தினார்கள்.

பிரிட்டனில் ராபர்ட் டிப்பி உருவாக்கிய 'ஜீ' என்ற முறை லோரானுக்கு முன்பே களத்தில் இருந்தது. அது உயர் அலைவெண்ணில், வினாடிக்கு நூற்றுக்கணக்கான துடிப்போடு இயங்கியது. தூரம் குறைவு, துல்லியம் அதிகம். டிப்பி அமெரிக்கா சென்று லோரான் கருவிகள் உருவாக உதவினார். ஜீ பெட்டியைக் கழற்றிய இடத்தில் லோரான் பெட்டியை அப்படியே மாட்ட வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது சிறிய விஷயம்போல் தோன்றும். ஐரோப்பாவில் ஓர் இரவும் கடல் மேல் மறு இரவும் பறந்த விமானத்தின் தரைப் பணியாளர்களைக் கேட்டிருந்தால் அதன் அருமை தெரிந்திருக்கும்.

போர் முடிந்ததும் ஏபிஎன்-4 பெட்டிகள் உபரிச் சந்தையில் மலிவு விலைக்கு வந்து குவிந்தன. வானொலி ஆர்வலர்கள் வாங்கித் திரைக்குழாயை வைத்து அலைக்காட்டி செய்துகொண்டார்கள். எத்தனையோ நல்ல கருவிகள் அப்படி அறுக்கப்பட்டன. அன்று ஓர் அலைக்காட்டியின் விலை தெரிந்தவர்கள் அவர்களைக் குறைசொல்ல மாட்டார்கள். அமெரிக்கக் கரையோர மீனவர்கள் லோரானை அப்படியே பயன்படுத்தினார்கள். மீன் சேரும் இடம், வலையைக் கிழிக்கும் மூழ்கிய கப்பல் கிடக்கும் இடம் எல்லாவற்றையும் அட்சரேகை தீர்க்கரேகையாக அல்ல, லோரான் எண்களாகவே நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தார்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த சொத்தாக அந்த மைக்ரோவினாடிகள் இருந்தன. 1980 முடிவில் அமெரிக்கா பழைய லோரானை நிறுத்தியபோது அந்த நோட்டுகளையும் மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

அதன் இடத்துக்கு வந்த லோரான்-சி 100 கிலோஹெர்ட்ஸில் இயங்கியது. ஒரு துடிப்புக்குப் பதில் எட்டெட்டுத் துடிப்புகளாக அனுப்பியது. குன்றின் சரிவைப் பொருத்துவதோடு நிற்காமல், துடிப்புக்குள் இருக்கும் அலையின் குறிப்பிட்ட ஒரு சுழற்சியையே அளந்தது. ஆனால் பெயர் வைக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. நிலையத் தொடரின் பெயர் அதன் துடிப்பு இடைவெளிதான், பத்து மைக்ரோவினாடிகளில். இந்தியாவிலும் அப்படி இரண்டு தொடர்கள் இருந்தன. குஜராத்தின் த்ராங்கத்ராவைத் தலைமையாகக் கொண்ட பம்பாய்த் தொடருக்குப் பெயர் 6042, அதாவது 60,420 மைக்ரோவினாடி. ஒடிசாவின் பாலசோரைத் தலைமையாகக் கொண்ட கல்கத்தாத் தொடருக்கு 5543. அமெரிக்கா தன் லோரான்-சி-யை 2010 பிப்ரவரி 8 அன்று அணைத்தது.

இன்று 1,950 கிலோஹெர்ட்ஸில் ஏபிஎன்-4-ஐத் திருப்பினால் புல் மட்டும்தான் தெரியும். எனவே அதை உயிர்ப்பிப்பவர்கள் நிலையத்தையும் தாங்களே செய்துகொள்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கணினிச் சில்லு, 40,000 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை 50 மைக்ரோவினாடி நீளத் துடிப்பு ஒன்று, இருபதாயிரத்துக்குச் சற்று மேல் தள்ளி இன்னொன்று. கம்பியை ரிசீவரின் ஏரியல் முனையில் செருகி, வால்வுகள் சூடேறக் காத்திருந்து, படிகக் குமிழைத் திருப்பினால் இரண்டு குச்சிகள் புல்லிலிருந்து எழுந்து நிற்கின்றன. நிலைய எண்ணை 0-விலிருந்து 1-க்கு ஒரு படி திருப்பினால் போதும். குடத்தில் ஓர் உழக்கு கூடுகிறது, திரையின் சுற்று 39,900 ஆகிறது, இரண்டு குச்சிகளும் மெல்ல வலப்பக்கம் நடக்கத் தொடங்குகின்றன. எட்டு வினாடியில் ஒரு கோட்டின் நீளத்தைக் கடந்து மற்றக் கோட்டுக்கு மாறி, பதினாறாவது வினாடியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கின்றன.